மெஷினுக்கும் வேர்க்கும்

வெள்ளைப் பேன்ட்டும் வெள்ளைச் சட்டையும் போட்டுக்கொண்டு பம்மல் டேனரிக்கு வேலைக்குப் போய்வந்த ஒரே ஒருவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். தோல் பதனிடும் அந்த இடத்தில் பிரஸ், பம்பு, பாய்லர் என்று எல்லா இயந்திரங்களும் அவர் பொறுப்பில் இருந்தன. டேனரி ஆட்கள் பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் நிற்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இவர் சாயங்காலம் சைக்கிளில் எங்கள் ராஜகீழ்ப்பாக்கத்துக்குள் நுழையும்போது, காலையில் போட்ட இஸ்திரி மடிப்பு கலைந்திருக்காது.

பேன்ட்டின் இரண்டு பைகளிலும் துணி வைத்திருப்பார். எதற்கு இரண்டு என்று ஒருநாள் கேட்டேன். அவர் வாயைத் திறப்பதற்குள் என் கணவர், "ஒண்ணு அழுக்கைத் துடைக்க. இன்னொண்ணு அந்தத் துணியைத் துடைக்க" என்றார். அவரும் சேர்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே எங்கள் கேட்டின் மேல் இருந்த காக்கை எச்சத்தைத் துடைத்தார்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. அவருடைய தங்கையும் தங்கையின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நாங்கள் அண்ணா என்று கூப்பிட்டோம். தெருப் பிள்ளைகளுக்கு அவர் 'பளிச் அங்கிள்'. ஞாயிறு ஆராதனைக்குக் கோவிலில் உட்காருமுன் பெஞ்சைத் துடைப்பார். பாட்டுப் புத்தகத்தைத் துடைப்பார். பக்கத்தில் மூக்கொழுக உட்கார்ந்திருக்கும் பிள்ளை யாருடையது என்று பார்க்க மாட்டார். அதன் மூக்கையும் துடைத்துவிடுவார்.

என் நாத்தனார் கல்யாணத்தன்று, கோவிலுக்குள் போகிற நேரத்தில், மாப்பிள்ளையின் வெள்ளைக் கோட்டில் யாரோ காபியைக் கொட்டிவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா, "ஐயோ, ஆரம்பமே இப்படியா" என்று அழ ஆரம்பித்தார். அண்ணா மாப்பிள்ளையைக் கோவிலுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். ஈரத்துணி, கரும்பலகைச் சாக்கட்டி, யாருடைய கைப்பையிலிருந்தோ வாங்கிய முகப்பவுடர். முதல் பாட்டு முடியுமுன் கோட்டு வெள்ளையாகிவிட்டது.

"சார், போட்டோல தெரியுமா?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

"கர்த்தர் கண்ணுக்குத் தெரியும் தம்பி. போட்டோகிராபர் கண்ணுக்குத் தெரியாது. போங்க, பொண்ணு காத்திருக்கு."

அந்தப் பேச்சைச் சொல்லிச் சொல்லி எங்கள் வீட்டில் ரொம்ப நாள் சிரித்தோம். அவரைப் பிடிக்காதவர் எங்கள் தெருவில் யாரும் கிடையாது. எனக்கும் பிடித்தது. அதை இப்போது எழுதும்போதும் மறைக்க முடியவில்லை.

நான் பயந்த சுபாவம். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே, வீட்டில் ஸ்டவ்வை அணைத்தேனா என்று உடம்பு வேர்க்கும். என் மகள் அப்போது இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ. ஒருநாள் தெருவில் விழுந்து முட்டியைக் கிழித்துக்கொண்டாள். அண்ணாதான் தூக்கி, காயத்தைக் கழுவி, ரத்தம் தெரியாமல் துடைத்து, கவுனையும் அலசிக் காயவைத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். எனக்கு ஒன்றும் தெரியாது. சில நாளில் முட்டி வீங்கிக் காய்ச்சல் வந்தது. டாக்டர் உள்ளேயிருந்து ஒரு சரளைக் கல்லை எடுத்தார்.

"ஏன் அண்ணா என்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"நீ பயப்படுவியேம்மா."

அன்புதான். அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை.

அவருடைய மனைவி மெலிந்த, சத்தமில்லாத பெண். பிள்ளைகள் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவிலில் அவர் புடவைத் தலைப்பில் சிவப்பாக ஏதோ பட்டிருந்தது. நான் பார்ப்பதை அண்ணா பார்த்துவிட்டார். "வெத்தலைச் சாறும்மா" என்று சொல்லி, தலைப்பை மடித்து உள்ளே செருகிவிட்டார். அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த மழைக்காலத்துக்குள் அவர் இறந்துபோனார். நெஞ்சில் நோய், ரொம்ப முற்றிய பிறகுதான் காட்டினார்கள் என்றார்கள். அடக்கத்திலிருந்து திரும்பி வரும்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அந்த அம்மாள் வெற்றிலை போட்டு நான் பார்த்ததே இல்லை.

அதை நான் என் கணவரிடம் சொன்னேன். "செத்துப்போனவங்களப் பத்தி எதுக்கு இப்ப" என்றார் அவர். நானும் விட்டுவிட்டேன்.

இனி படகு.

டேனரி முதலாளிக்குப் படகு ஆசை வந்தது. துறைமுகத்தில் ஏலத்துக்கு வந்த ஒரு பழைய மோட்டார் லாஞ்சை வாங்கி, கோவளத்துக் கழிமுகத்தில் கட்டிவைத்தார். விருந்தாளிகள் வந்தால் கழியில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவார். ஓட்டுவதற்குக் கோவளத்து மீனவர் ஒருவர், பார்த்துக்கொள்ள அண்ணா.

அதன் சுக்கான் மற்றப் படகுகளில் இருப்பதுபோல் அல்ல. முன்னால் டிரைவர் சக்கரத்தைத் திருப்பினால், எண்ணெய் ஒரு குழாய் வழியாகப் பின்னால் போகும். பின்பலகைக்கு அடியில் முழங்கை நீளத்துக்கு ஒரு சிலிண்டர் இருந்தது. எண்ணெய் அதற்குள் போய் ஒரு தண்டைத் தள்ளும். தண்டு சுக்கானைத் திருப்பும். இடையில் கயிறும் இல்லை, சங்கிலியும் இல்லை. எண்ணெய் மட்டும்தான். இதையெல்லாம் அண்ணாவே எங்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டு, மேசைமேல் தண்ணீரால் படம் போட்டுச் சொன்னார். போட்ட படத்தைக் கையோடு துடைத்தும்விட்டார்.

அந்தச் சிலிண்டர் ஒழுகியது. உள்ளே இருந்த ரப்பர் வாஷர் தேய்ந்துவிட்டது. புதியது பம்பாயிலிருந்து வர வேண்டும். அதுவரைக்கும் இருக்கட்டும் என்று டேனரித் தோலில் அவரே ஒரு வாஷர் வெட்டிப் போட்டிருந்தார். டேனரி பிரஸ்ஸில் அப்படித் தோல் வாஷர் போடுவது வழக்கம், வருஷக்கணக்கில் உழைக்கும். ஆனால் படகு நாள் கணக்கில் வெயிலில் சும்மா நிற்கும். தோல் காய்ந்து சுருங்கும்.

பொங்கல் விடுமுறையில் எங்கள் சண்டே ஸ்கூல் பிள்ளைகளைப் படகில் ஏற்ற முதலாளியிடம் அனுமதி வாங்கிக் கொடுத்ததும் அண்ணாதான். வாடகை வேனில் வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகப் போனோம். பிள்ளைகள் வழியெல்லாம் பாடினார்கள். என் கணவருக்கு ஆபீஸ். நான் மகளுக்காகப் போனேன். அவள் தண்ணீரைக் கண்டால் நிற்க மாட்டாள். அதனால் எனக்கும் இருப்புக்கொள்ளாது.

படகு புதுமணப்பெண் மாதிரி இருந்தது. பலகைகளைத் தேய்த்துக் கழுவி, பித்தளையை மினுக்கி, இருக்கைகளில் வெள்ளை விரிப்புப் போட்டிருந்தார். பெண்களின் புடவையில் எண்ணெய் படக்கூடாது என்று அதிகாலையிலேயே வந்து வேலை செய்தாராம்.

கறுத்து இறுகிய உடம்போடு அந்தக் கோவளத்து டிரைவர் வந்தார். வந்ததும் நேராகப் பின்பக்கம் போய், பலகையைத் தூக்கிக் குனிந்து பார்த்தார்.

"இன்னா சார், பம்பாய் வாஷர் வந்துடுச்சா? ஒரு சொட்டு இல்ல. சும்மா கல்யாண வூடு மாரி கீது!"

"கொழந்தைங்க வராங்கல்லப்பா" என்றார் அண்ணா.

டிரைவர் சிரித்தார். பலகையை மூடினார். கையில் கொண்டுவந்த எண்ணெய் டப்பாவைக் கரையிலேயே, கவிழ்த்துப்போட்ட கட்டுமரத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஏறினார். இதை நான் பார்த்தேன். பார்த்தது புரிய வேண்டுமே.

மழைக்காலம் முடிந்து கழி நிறையத் தண்ணீர். முகத்துவாரம் திறந்து, தண்ணீர் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகள் முன்பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். என் மகளும் அங்கேதான். தண்ணீர் தெறிப்பதற்குப் பயந்து நான் பின்பக்கம் உட்கார்ந்திருந்தேன். அண்ணா என் பக்கத்தில் இருந்தார். கொஞ்ச தூரம் போனதும் எழுந்தார். பின்பலகையைக் கொஞ்சமாகத் தூக்கி, துணியை உள்ளே விட்டுத் துடைத்தார். மூடினார். இன்னும் கொஞ்ச தூரம். மறுபடியும் துடைத்தார். துணி மஞ்சளாக நனைந்து வந்தது. அதைச் சுருட்டிப் பைக்குள் வைக்கப் போனார்.

"என்ன அண்ணா அது, எண்ணெயா? ஒழுகுதா?"

"ஒழுகலம்மா. வேர்வை." கண்ணைச் சிமிட்டினார். "வெயில் இல்ல? மெஷினுக்கும் வேர்க்கும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. என் பயத்தைப் பார்த்து எனக்கே வெட்கமாகவும் இருந்தது. வேர்வை என்றால் என்ன, எல்லோருக்கும் வருவதுதானே என்று மகளைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன்.

முகத்துவாரத்துக்கு முன்னால் மீன் வலை கட்டும் மூங்கில் கம்புகள் வரிசையாக நட்டிருந்தன. அங்கே வந்ததும் படகைத் திருப்பிவிட வேண்டும். அதற்கு அப்பால் மணல்திட்டு. அதையும் தாண்டினால் அலை உடைகிற இடம். டிரைவர் சக்கரத்தைத் திருப்பினார். திருப்பிக்கொண்டே இருந்தார். செயின் கழன்ற சைக்கிளின் பெடல் மாதிரி அது சுற்றியது. படகு நேராகப் போய்க்கொண்டிருந்தது.

கம்புகள் எங்களைக் கடந்து போயின. பிள்ளைகள் கைதட்டினார்கள். கடலைக் காட்டப்போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

"சார்! சக்கரம் புடிக்கல சார்!"

அண்ணா எழுந்தார். அவர் முகத்தை அப்போது பார்த்தேன். அதில் ஆச்சரியம் இல்லை. 

டிரைவர் எஞ்சினைப் பின்னோக்கிப் போட்டார். படகு நிற்பதற்குப் பதில் குறுக்கே திரும்பியது. தண்ணீர் பக்கவாட்டில் எங்களைத் தள்ளிக்கொண்டு போனது. அலை உடைகிற சத்தம் இப்போது பேச்சை மறைத்தது. அண்ணா பின்பலகையைப் பிடுங்கி எறிந்தார். அந்த வெள்ளைச் சட்டையோடு குப்புறப் படுத்து, தலையையும் தோளையும் பொந்துக்குள் விட்டு, சுக்கானைக் கையால் திருப்புவதற்காக, சிலிண்டர் தண்டின் முளையை அங்கே கிடந்த சுத்தியலால் தட்டிக் கழற்றினார். பிறகு புரண்டு உட்கார்ந்து, படகின் வால் பக்கம் பார்த்தபடி, சுக்கானின் இரும்புக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் காலால் உதைத்தார்.

"எந்தப் பக்கம்?" என்று கத்தினார்.

"சோத்தாங்கைப் பக்கம் சார்! சோத்தாங்கைப் பக்கம் தள்ளு!"

அண்ணா தன் வலது பக்கம் தள்ளினார். படகு அலையைப் பார்த்து இன்னும் கொஞ்சம் திரும்பியது. தண்ணீர் உள்ளே விழுந்தது. பிள்ளைகள் அப்போதுதான் அலற ஆரம்பித்தார்கள்.

"யோவ், உன் சோத்தாங்கை இல்ல! என் சோத்தாங்கை!"

ஒருவர் முன்னால் பார்த்து நின்றார். ஒருவர் பின்னால் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஒருவரின் வலது மற்றவரின் இடது. அவர்கள் இருவருக்கும் அது புரிகிற நேரம் எவ்வளவு இருந்திருக்கும்? கொஞ்சம்தான். நான் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் இன்னும் இருக்கிறேன். மகளுடைய பெயரைக் கூப்பிடுகிறேன்.  எழுந்து முன்பக்கம் போகப் பார்க்கிறேன். எண்ணெயில் கால் வழுக்குகிறது. பொந்துக்குள்ளிருந்து அதற்குள் எண்ணெய் எங்கும் பரவியிருந்தது.

அண்ணா மறுபக்கம் உதைத்தார். பாதம் இரும்புக் கைக்கும் பலகைக்கும் நடுவில் மாட்டி, 'அம்மா' என்று ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது. படகு மூக்கைத் திருப்பி, மணல்திட்டில் ஏறி, இடித்து நின்றது.

இடித்த வேகத்தில் எல்லோரும் விழுந்தோம். எழுந்து பார்த்தேன். முன்பக்கம் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் கிடந்தார்கள். நீலம், ரோஸ், பூப்போட்டது. என் மகளின் மஞ்சள் கவுன் அதில் இல்லை.

நான் எப்படித் தண்ணீரில் இறங்கினேன் என்று தெரியாது. இடுப்பளவுதான் இருந்தது, ஆனால் காலுக்கடியில் மணலை இழுத்துக்கொண்டு போனது. எனக்கு முன்னால் டிரைவர் குதித்திருந்தார். தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவினார். நிமிர்ந்தார். மறுபடியும் துழாவினார். பின்னலைப் பிடித்துத் தூக்கினார். மஞ்சள் கவுன் வந்தது.

அவளைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் அடித்தார். உப்புத்தண்ணீராக வாந்தி எடுத்தாள். அழுதாள். 

மணல்திட்டில் அவளை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தேன். நிழல் விழுந்தது. அண்ணா. சட்டையில் வெள்ளை என்று சொல்ல ஓர் இடம் இல்லை. வலது பாதம் நசுங்கி, எண்ணெயும் ரத்தமும் மணலில் சொட்டின. அதை அவர் கவனிக்கவில்லை. பையிலிருந்து ஒரு துணியை எடுத்து, பிழிந்து, என் மகளின் வாயோரத்தைத் துடைக்கக் குனிந்தார்.

"தொடாதீங்க!" என்று கத்தினேன்.

அவர் கை அப்படியே நின்றது.

டிரைவர் அவர் தோளைப் பிடித்துத் திருப்பினார். "நான் அடிப்பலகையத்தான் சார் பாப்பேன். ஈரமா இருந்தா எண்ண ஊத்துவேன். காஞ்சிருந்தா ஊத்த மாட்டேன். எனுக்கு மீட்டரா கீது, இன்னா கீது? நீ தொடச்சி வெச்சிட்டா எனுக்கு எப்டி சார் தெரியும்? வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

அண்ணா பிள்ளைகளைப் பார்த்தார். "யாருக்கும் துணியில எண்ணெ படலியே?" என்று கேட்டார். டிரைவர் மணலில் துப்பிவிட்டு, பிள்ளைகளைக் கரைக்குத் தூக்கிப்போகக் கிளம்பினார்.

அண்ணாதான் பிள்ளைகளைக் காப்பாற்றினார் என்று சபையில் பேசிக்கொண்டார்கள். பாதத்தைக் கொடுத்துக் காப்பாற்றினார் என்று போதகர் ஜெபத்தில் சொன்னார். அதுவும் பொய்யில்லை. நான் கண்களைத் திறந்தபடி அந்த ஜெபத்தைக் கேட்டேன்.

பிறகு ஒருநாள் அண்ணா கட்டுப்போட்ட காலோடு எங்கள் கேட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன். என் கணவர்தான் போனார்.

"தம்பி, யாரும் பயந்துடக் கூடாதுன்னுதான் தொடைச்சேன்" என்றார்.

"தெரியும்ண்ணா" என்றார் என் கணவர். கேட்டைத் திறக்கவில்லை. "பயந்திருந்தா ஏறியிருக்க மாட்டாங்க."

அண்ணா தலையாட்டினார். வந்த வழியே போனார். அந்த வருஷமே வீட்டைக் காலிசெய்துவிட்டு அரக்கோணத்தில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். சில வருஷங்களில் அங்கேயே இறந்ததாகக் கேள்விப்பட்டோம். நாங்கள் அடக்கத்துக்குப் போகவில்லை.

என் மகள் மறந்துவிட்டாள். மறந்ததாகத்தான் சொல்கிறாள். இப்போது அவள் என்னைவிட உயரம். சென்ற மாதம் திருச்சிக் கல்லூரி விடுதிக்குக் கிளம்பினாள். தாம்பரத்தில் பஸ்ஸில் பெட்டியை ஏற்றிவிட்டு, ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டாள். நான் கீழே நின்றேன். டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். நான் முந்தானையைச் செருகிக்கொண்டு, முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி, பஸ்ஸுக்கு அடியில் எட்டிப் பார்த்தேன்.

"அம்மா! எழுந்திரும்மா, எல்லாரும் பாக்கறாங்க!" மேலேயிருந்து மகளின் குரல்.

டிக்கெட் பையோடு கண்டக்டர் வந்தார். "இன்னாம்மா, கம்மல் வுழுந்துடுச்சா?"

"இல்ல. எண்ணெய் ஏதாவது ஒழுகுதான்னு பாக்கறேன்."

அவரும் என்னோடு குனிந்தார். பக்கத்து பஸ்ஸுக்கு அடியில் தரை கருகருவென்று கிடந்தது. எங்கள் பஸ்ஸுக்கு அடியில் வெளுத்துக் காய்ந்திருந்தது.

"ஒரு சொட்டு இல்லம்மா, பாரு. எம்மாஞ் சுத்தமா கீது. தெகிரியமா அனுப்பு."

சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

"யார் துடைச்சாங்க?" என்று அவரிடம் கேட்டேன்.